வெயிலைப் பார்த்துப் போட்ட திட்டம்: குழந்தைகளோடு தஞ்சாவூர்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போக முடியாது. உள்ளே பரந்து கிடப்பதோ கல்லும் செங்கல்லும் பாவிய திறந்த முற்றம். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தாலே, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அன்றைய திட்டத்தில் பாதி வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் கோயில், ஏறிய பிறகு கூரைக்குக் கீழே இருக்கிற இடங்கள், உச்சி வெயிலில் தூக்கம், சாய்ந்த பிறகு மறுபடி கோயில். மற்றதெல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

காலாண்டு விடுமுறையில் கோவையிலிருந்து கிளம்பினோம். நாங்கள் இருவர், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெரியவள், யூகேஜி சின்னவன், முழங்கால் வலியோடு வரும் அத்தை. என் வீட்டுக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பட்டியல் போடுவார். பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் நூலகம், மணிமண்டபம், சுவார்ட்ஸ் தேவாலயம், திருவையாறு, புன்னைநல்லூர், திரும்பும் வழியில் கல்லணை என்று எட்டு இடம் எழுதியிருந்தார். "எட்டையும் பாக்கணும்னா பிள்ளைகள வீட்டுல விட்டுட்டு நீங்களும் நானும் போகலாங்க" என்றேன். கோயிலும் அரண்மனை வளாகமும் மட்டும் போதும், சாயங்காலம் பொம்மைக் கடை என்று முடிவானது. அரண்மனை வளாகத்துக்குள்ளேயே கலைக்கூடம், கோபுரம், சரசுவதி மகால் அருங்காட்சியகம் எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால் அது ஒன்றே மூன்று இடத்துக்குச் சமம்.

இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் இறங்கினோம். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு அறை. ஒரு நாள்தானே, எதற்கு அறைக்குக் காசு என்று தோன்றும். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வந்தால் அந்தக் காசுதான் மொத்தப் பயணத்திலும் உருப்படியான செலவு. குளிக்க, பையை வைக்க, பகலில் படுக்க, அவசரத்துக்கு ஓடிவர ஒரு இடம் வேண்டும். விடியற்காலையில் வந்தால் உள்ளே விடுவார்களா என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் மதியம் வரை காக்க வைத்துவிடுவார்கள்.

ஸ்டேஷனிலிருந்து கோயில் ரொம்பப் பக்கம். பிள்ளைகளுக்குப் பாலும் பிஸ்கெட்டும் கொடுத்துவிட்டு ஆறரை மணிவாக்கில் ஆட்டோவில் போய் இறங்கினோம். காலைச் சாப்பாட்டைப் பின்னால் தள்ளியது வேண்டுமென்றேதான். சாப்பிட்டுக் கிளம்பினால் எட்டரை ஆகிவிடும், வெயிலும் ஏறிவிடும்.

முதலில் மராத்தியர் காலத்து நுழைவாயில், அடுத்து ஐந்து நிலை கேரளாந்தகன் திருவாயில், அதற்கும் உள்ளே மூன்று நிலை இராசராசன் திருவாயில். பெரும்பாலோர் வாயில்களை வெறும் வழியாகக் கடந்துவிட்டு நேரே கருவறைக்கு மேல் எழும் விமானத்தைப் பார்க்க ஓடுகிறார்கள். குழந்தைகளோடு போனால் அரை மணி நேரம் இராசராசன் திருவாயிலிலேயே நில்லுங்கள். இருபக்கமும் பிரம்மாண்டமான துவாரபாலகர்கள், அதாவது வாயில் காவல்காரர்கள். காலடியில் ஒரு பாம்பு. அதன் வாயில் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்க்கச் சொன்னேன்.

சின்னவன்தான் முதலில் கண்டுபிடித்தான். "யானை! அம்மா, பாம்பு யானைய முழுங்குது!"

இந்தச் சிற்பத்துக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. யானை எவ்வளவு பெரிசு? அதை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரிசு? அந்தப் பாம்பே காலடியில் கிடக்கிறதென்றால் காவல்காரர் எவ்வளவு பெரியவர்? அப்பேர்ப்பட்டவரே வாசலில் நிற்கிறார் என்றால் உள்ளே இருப்பவர்? ஐந்து வயதுப் பையனுக்குச் சோழர் வரலாறு ஏறாது. இந்தக் கணக்கு ஏறிவிட்டது. உள்ளே போகிற வரை "இன்னும் பெரிசா? இன்னும் பெரிசா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

அதே வாயிலின் அடிப்பகுதியில் சின்னச் சின்னச் சிற்பங்களாகக் கதைகள் இருக்கின்றன. எமனிடமிருந்து சிவன் காப்பாற்றும் மார்க்கண்டேயன் கதை அவற்றில் ஒன்று. பெரியவர்கள் குனிந்து பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கோ நின்றபடியே தெரியும். அத்தை உட்கார்ந்து கதை சொன்னார், பெரியவள் படத்தைத் தேடினாள். கையேடு எதுவும் தேவைப்படவில்லை. ஊரில் பாட்டிகளுக்குத் தெரிந்த கதைகள்தான் கல்லில் இருக்கின்றன. அதனால், முடிந்தால் ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நந்தியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அது ஒற்றைக் கல்லில் செய்தது, ஆனால் கோயிலைக் கட்டிய இராசராசன் வைத்ததல்ல. அதுவும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை உண்டு. கதையைக் கதை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ரசிக்கிறார்கள், குழம்புவதும் இல்லை.

கதை எது, நடந்தது எது என்று பிரித்துச் சொல்வதற்கு இந்தக் கோயிலைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நாமெல்லாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். நாங்கள் போனபோது சூரியன் கிழக்கே தாழ்வாக இருந்தது. விமானத்தின் நிழல் மேற்குப் பிராகாரத்தில் கம்பளம் விரித்தாற்போல நீளமாகக் கிடந்தது. அங்கே போய் உட்கார்ந்தோம். கல் சில்லென்றிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு வழிகாட்டி வேறொரு குடும்பத்துக்கு அதே நிழல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் என் காதருகே வந்து, "அப்ப நாம எதுலம்மா உக்காந்திருக்கோம்?" என்றாள்.

காலையில் போகிறவர்கள் நேராக விமானத்தின் பின்பக்கம், அதாவது மேற்குப் பக்கம் போங்கள். நிழல், கூட்டமின்மை, குளிர்ந்த தரை மூன்றும் அங்கேதான். முன்பக்கத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், அப்போது நிழல் கிழக்கே திரும்பியிருக்கும். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அந்த நிழல் கதை ரகம்தான். பல கற்களை இணைத்துச் செய்த சிகரம் அது. ஒரே கல்லாக இல்லாவிட்டால் பெருமை குறைந்துவிடுமா என்ன? 1010ல் கட்டி முடித்து, 216 அடி உயரத்தில், உள்ளே கூடாக விட்டு, கல்மேல் கல்லாக அடுக்கி நிற்கிறதே, அது போதாதா?

'இருநூற்றுப் பதினாறு அடி' என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் தெரியாது. நிலைகளை எண்ணச் சொல்லுங்கள். 13 நிலை. மேலே போகப்போகக் குறுகிக்கொண்டே போவதால் ஏழெட்டுக்கு மேல் கணக்குத் தப்பும். பெரியவள் தரையில் மல்லாந்து படுத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். தப்பியது, மறுபடி ஆரம்பித்தாள். அவ்வளவு நேரம் எந்த வழிகாட்டியாலும் அவளை அந்த விமானத்தைப் பார்க்க வைத்திருக்க முடியாது.

அடுத்தது கல்வெட்டு. கருவறை விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து. பாதி பேர் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அதை மட்டும் பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள். ஆயிரம் வருஷத்துத் தமிழ் எழுத்தானாலும் ட, ப, ம போன்றவை இன்றைய கண்ணுக்கும் பிடிபடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. இதை மட்டும் சொல்லிவிட்டு, "உனக்குத் தெரிஞ்ச எழுத்து எத்தன இருக்குன்னு பாரு" என்று பெரியவளை விட்டேன். தொடாமல், ஒரு முழம் தள்ளி நின்று தேட வேண்டும் என்பது விதி. தமிழ்ப் பாடத்தில் முகம் சுளிக்கிற பிள்ளை, ஒரு வரியில் ஐந்தாறு எழுத்தைக் கண்டுபிடித்துக் குதித்தாள்.

அங்கே எழுதியிருப்பது என்ன என்றும் சொன்னேன். 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறார் ராஜா. அந்த 'அக்கன்' குந்தவை. தன் பேருக்கு அடுத்தே அக்கா பேரைச் சொன்ன தம்பி. சின்னவனைப் பெரியவள் ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்!

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு பட்டியல். கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பேர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்கத்து வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் (கலம் என்பது அந்தக் கால அளவு). தையல்காரர், நாவிதர், குயவர், குடை பிடிப்பவர்களுக்கும் பங்கு எழுதியிருக்கிறார்கள். ராஜா போர் செய்தார், நாடு பிடித்தார் என்று பாடப்புத்தகத்தில் படித்துப் படித்து அலுத்த பிள்ளைக்கு, கதவிலக்கம் வெட்டிய கோயில் என்பது புதுச் செய்தி. "நம்ம வீட்டு அட்ரஸையும் வெட்டலாமா?" என்று சின்னவன் கேட்டான். அதற்குப் பிறகு அவனைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது தனி வேலையாகிவிட்டது.

ஒன்பதரை மணிக்கு மேல் தரை சுட ஆரம்பித்தது. சின்னவனுக்குப் பழைய காலுறை ஒரு ஜோடி பையில் வைத்திருந்தேன், வாசல் வரை திரும்ப அது உதவியது. அத்தைக்கும் ஒன்று வைத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். வெளியே வந்து இட்லி, பொங்கல், காபி. பசித்த வயிறுகள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அரண்மனை நாயக்கர்கள் தொடங்கி மராத்தியர்கள் பெருக்கிய கட்டடம். பராமரிப்பு இன்னும் நன்றாக இருக்கலாம். காரை பெயர்ந்த சுவரும் புறாக்களும்தான் முதலில் வரவேற்கும். ஆனால் கலைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் குறை மறந்துபோகும். செப்புத் திருமேனிகள் நூற்றுக்கு மேல் இருப்பதால், எல்லாவற்றையும் காட்டினால் பிள்ளைகளுக்கு எதுவும் நினைவிருக்காது. நான் முன்பே ஒன்றே ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தேன்: திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது பெரிய கோயில் முடிந்த கையோடு வந்தது.

"அம்மா, இவரு எது மேல சாஞ்சுட்டு நிக்கறாரு?" பெரியவள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவளை அங்கே கூட்டிப்போனேன். காளையின் மேல் சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரு கை மட்டும் காற்றில் இருக்கும், காளை இல்லை. ஒரு கால் ஊன்றி, மறுகாலைக் குறுக்கே வைத்து, தலையில் சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேச வந்தவர்போல நிற்கிறார். பிள்ளைகள் இருவரும் அதே மாதிரி நின்று பார்த்தார்கள். சின்னவனுக்குக் காளையாக அவன் அப்பா நின்றார். காவலாளி சிரித்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கலைக்கூடத்தை ஒட்டிய கோபுரத்தில் ஏறினால் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. அரண்மனைக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர்கள்தான் கேட்போம், பிள்ளைகள் கேட்பதில்லை. அன்றைக்குச் சின்னவன் பார்த்ததில் அவனுக்கு முதலிடம் இதற்குத்தான், சோழர்கள் மன்னிக்கட்டும். படிகள் குறுகல், வெளிச்சம் குறைவு. அத்தை கீழேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளை முன்னால் விடாமல் ஒரு பெரியவர் முன்னும் ஒரு பெரியவர் பின்னுமாக ஏறுவது நல்லது.

சரசுவதி மகால் அருங்காட்சியகம் சின்னதுதான். மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி தேடித்தேடிச் சேர்த்தவற்றில் ஒரு துளியைத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பொடி எழுத்தில் எழுதிய ஓலைச்சுவடிகள் உண்டு. சார்லஸ் லெ ப்ரூன் என்ற பிரெஞ்சு ஓவியர் மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்களும் உண்டு. ஆந்தை முகத்துக்காரர், கழுதை முகத்துக்காரர் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர்களில் ஒருவர் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள், பேரையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். ஒரு எச்சரிக்கை: பழங்காலச் சீனாவின் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் அங்கே இருக்கின்றன. சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வேகமாகக் கடந்துவிடுங்கள். புதன்கிழமை இந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, மதியமும் இடைவேளை விடுவார்கள். கிழமை பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டுப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, பிறகு அறை. மூன்று மணி நேரம். "இந்த நேரத்துல திருவையாறு போயிட்டு வந்துடலாமே, 13 கிலோமீட்டர்தான்" என்று வீட்டுக்காரர் கொஞ்சம் முணுமுணுத்தார். அத்தையும் சின்னவனும் தூங்கிவிட்ட பிறகு அவரும் தூங்கிவிட்டார். மதியத் தூக்கம் இல்லாத குழந்தை ஐந்து மணிக்கு அழ ஆரம்பிக்கும், அந்த அழுகைக்கு எந்தச் சரித்திரச் சின்னமும் ஈடு கிடையாது.

சாயங்காலம் பொம்மைக் கடை. நவராத்திரி சமயம் என்பதால் கொலுப் பொம்மைகள் தெருவரை வந்திருந்தன. தஞ்சாவூர்ப் பொம்மை என்று இரண்டு சாதியைச் சொல்கிறோம். ஒன்று தலையாட்டி, ஆடும் பெண் பொம்மை: பாவாடை, உடல், தலை தனித்தனியாக, கம்பியில் ஒன்றன்மேல் ஒன்று தொங்கும். மற்றது சாய்ந்தாடும் ராஜா ராணி: அடிப்பக்கம் உருண்டையாக, களிமண் கனத்தோடு இருக்கும், எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து விளையாடுகிற குழந்தைக்கு இரண்டாவதை வாங்குங்கள். முதல் வகை கொலுப் படிக்குத்தான் சரி, பையன் கையில் நாலு நாள் இருந்தால் கம்பி வளைந்துவிடும். வாங்கும்போது தட்டையான மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கமே சாய்ந்து நின்றால் அடி சரியாக வார்க்கவில்லை என்று அர்த்தம். பொம்மை ஏன் விழுவதில்லை என்று பெரியவள் கடைக்காரரிடம் கேட்டாள். அவர் ஒரு பொம்மையைக் கவிழ்த்து அடியைத் தட்டிக் காட்டி, "கனம் பூராவும் இங்கதான் பாப்பா" என்றார். அறிவியல் வகுப்பும் அங்கேயே முடிந்தது.

ஐந்தரைக்கு மறுபடி பெரிய கோயில். காலையில் சுற்றிப் பார்த்தாகிவிட்டதால் இப்போது பார்ப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை, சும்மா உட்கார வந்தோம். காலை வெயிலில் ஒரு நிறம், சாயங்கால வெயிலில் ஒரு நிறம், விளக்கு போட்ட பிறகு வேறொரு நிறம் என்று கல் மாறிக்கொண்டே வரும். உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து புல்தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவார்கள். பிரதோஷ நாளில் மட்டும் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளும். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் கைக்குழந்தையோடு அன்றைக்கு வேண்டாம்.

கூட்டத்துக்குள் போகும் முன் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வைத்தோம்: "எங்கள காணோம்னா நந்திகிட்ட போயி நில்லுங்க." எங்கிருந்தாலும் கேட்டால் யாரும் வழி காட்டுகிற ஒரே இடம் அது. போன் நம்பரைச் சின்னவன் முழங்கையில் பேனாவால் எழுதியிருந்தேன். தள்ளுவண்டியைக் கொண்டு வந்தவர்கள் படியிலும் வாசல் நிலையிலும் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்தேன், கைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணிப்பைதான் அங்கே சரி. தண்ணீர் பாட்டில், சின்னத் துண்டு, மாற்று உடை ஒன்று, இவ்வளவுதான் எங்கள் பையில் இருந்தது. கழிவறை வேலையை அறையிலேயே முடித்துக்கொண்டு கிளம்பினால் பாதிக் கவலை இல்லை.

இன்னொரு நாள் கையில் இருந்தால் அதைத் தஞ்சாவூருக்குள்ளேயே செலவழிக்காமல் கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்துக்குக் கொடுங்கள். கோயில் சின்னது, கூட்டம் குறைவு, மண்டபத்தைக் கல் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகும், சக்கரமும் கல்லில்தான். யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாக ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.